டிம்ப்னா தட்டாத கதவு

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில், மேயோவில் இருக்கிற எங்கள் ஊரில், டிம்ப்னா கின்னேனுக்குத் தெரியாத சமையலறை கிடையாது. இருபத்தாறு வருடமாகப் பச்சை அஞ்சல் வண்டி ஓட்டுகிறாள். அவள் பொறுப்பில் நாற்பத்தொரு வீடுகள். கடிதம் கொடுப்பது வெறும் சாக்கு. கதவை இரண்டு தட்டு தட்டி, பதில் வருமுன் உள்ளே நுழைந்து, கணப்பு எரிகிறதா, மாத்திரை போட்டாயிற்றா, பூனைக்குப் பால் வைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். கிழவர் பாட்ஸி கால்லரி குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தபோது கண்டெடுத்தவளும் அவள்தான். "ஒன் மூக்கு நுழையாத எடமே இல்லடி" என்று, ஊர் மளிகைக் கடைக்காரன் எண்டாவாகிய நான், கேலி செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே என் கடை பிஸ்கட்டையே எடுத்துத் தின்பாள்.

நாற்பத்தொரு வீட்டில் நாற்பது கதவைத் தட்டினாள். மிச்சம் ஒன்று லோர்கன் மல்வியின் கதவு.

லோர்கன் எங்கள் ஊரில் பிறந்து, உலகம் முழுக்க முகம் தெரிந்த நடிகரானவர். எழுபது வயதில், மனைவியும் போன பிறகு, குன்றின் மேலிருக்கும் அப்பாவின் வீட்டுக்கே திரும்பி வந்தார். எங்கள் நாட்டில் பெரிய மனிதன் என்றால் கண்டுகொள்ளவே கூடாது. காரில் எதிரில் வந்தால், வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் அவனுக்குத் தலைக்கனம், நமக்கு மானக்கேடு.

ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து கேமராவோடு ஒருவன் என் கடைக்கு வந்து அவர் வீட்டுக்கு வழி கேட்டான். "மல்வியா? அப்படி யாரும் இங்க இல்லையேப்பா" என்றேன். லோர்கன் கம்பளித் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே முட்டை வாங்கிக்கொண்டிருந்தார். அவன் போனதும், "காத்து கொஞ்சம் அடங்கியிருக்கு" என்றேன். "ஆமா, அடங்கியிருக்கு" என்றார். முட்டையை வாங்கிய பிறகும் சற்று நேரம் நின்றார். எதற்கு நின்றார் என்று இந்த மரமண்டைக்கு அன்று உறைக்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை டிம்ப்னா கடைக்குள் வந்தாள்.

"எண்டா, மல்வி வீட்டுக் கேட்டுல இருக்கற தபால் பெட்டியில நேத்துப் போட்ட கடுதாசி அப்படியே கெடக்கு. பட்டப்பகல்ல சமையலறை லைட்டும் எரியுது."

"லண்டன் போயிருப்பாரு."

"கார் நிக்குதே. தட்டிப் பாக்கட்டுமா?"

"சும்மா இரு தாயே. வேடிக்கை பாக்க வந்துட்டான்னு நெனைப்பாரு. நிம்மதியா இருக்கத்தானே மனுஷன் இங்க வந்திருக்காரு?"

அவள் தட்டவில்லை. புதன்கிழமையும் தட்டவில்லை. வியாழக்கிழமை பெட்டி நிரம்பிவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினால் வேவு பார்ப்பதாக நினைத்துவிடுவாரோ என்று, அதை ஓடவிட்டபடியே பெட்டிக்கு அடியில் கடிதங்களை வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு போன் வந்தது. முதலில் மூச்சு வாங்குவதுதான் கேட்டது. பிறகு, "எண்டா, ஒடனே வா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்" என்றாள் டிம்ப்னா.

குன்றின் மேல் ஓடினேன். கல்லுக்கடியில் வைத்த கடிதங்களும் அப்படியே கிடந்ததைப் பார்த்து, அன்று அவள் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறாள். லோர்கன் மாடிப்படிக்குக் கீழே தரையில் கிடந்தார். திங்கட்கிழமை காலையிலிருந்து அங்கேயேதான் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. டிம்ப்னா தன் அஞ்சல் கோட்டை அவர்மேல் போர்த்தி, கரண்டியால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். திரையில் சுவர் உயரத்துக்குப் பார்த்த முகம், உதடு வெடித்து, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"தினமும் வண்டி வந்துச்சு" என்றார் அவளிடம். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "கத்தினேன். இன்ஜின் சத்தத்துல கேக்கல போல. இன்னிக்கு இன்ஜின் நின்னுச்சா, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ வர்றேன்னு."

டிம்ப்னா இன்னொரு கரண்டித் தண்ணீரை அவர் உதட்டில் விட்டாள்.

"எல்லா வீட்டுக்குள்ளயும் போவியாமே? தினமும் அடுப்புல கெட்டிலை வெச்சுட்டுத்தான் ஒக்காந்திருப்பேன். என் வீட்டுக்கு மட்டும் ஏன் வரலைன்னு கேக்க எனக்கும் ஒரு கூச்சம்."

எங்கள் கூச்சம் அவருக்கும் இருந்திருக்கிறது. அவரும் இந்த ஊர்க்காரர்தானே! அந்தக் கதவைத் தட்டாதே என்று சொன்ன வாய் என்னுடையது. ஆம்புலன்ஸ் போன பிறகும் வெகுநேரம் அந்த வாசலிலேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் ஊர் வழக்கப்படி அவர் வீட்டு முன்னறையில், திறந்த சவப்பெட்டியில் அவரைக் கிடத்தினோம். இரண்டு வருடமாக அந்த வீட்டில் காலெடுத்து வைக்காத ஊர் முழுதும் சாண்ட்விச் தட்டுகளோடு வந்து நிறைந்தது. உட்கார நாற்காலி போதவில்லை. அவருடைய கெட்டிலில்தான் தேநீர் கொதித்தது. டிம்ப்னா எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கிழவர் பாட்ஸி கோப்பையை வாங்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "தங்கமான மனுஷன். யாரையும் தொந்தரவு பண்ணாதவரு."

டிம்ப்னா கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"தொந்தரவு பண்ணாதவங்க நாமதான், பாட்ஸி."