இலைக்கும் பனிக்கும் நடுவில்

எங்கள் சங்கத்தின் கவிதைத் தொகுப்புக்கு மூன்று பேர் கொண்ட குழு ஒன்று போட்டார்கள். மற்ற இருவரும் நிறைய வாசிக்கிறவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கனடாவின் மிசிசாகாவில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறேன். என்னைச் சேர்த்ததற்குக் காரணம் ஸ்ரௌவ்வில்லில் உள்ள எங்கள் வீட்டின் நிலக்கீழ்த் தளம், பேஸ்மென்ற். அதில் அறையும் இல்லை, வாஷிங் மெஷினைத் தவிரச் சாமானும் இல்லை. கவிதைகளைத் தரையில் பரப்ப இடம் வேண்டியிருந்தது.

பரப்புவது குழுவில் மூத்தவரான அண்ணையின் யோசனை. அவர் ஓய்வுபெற்ற பார்மசிஸ்ற். பழைய ஜப்பானில் அரச கட்டளைப்படி ஐந்து வரிக் கவிதைகளைத் தொகுத்த விதம் பற்றி ஒரு புத்தகம் வாசித்திருந்தார். அந்தத் தொகுப்பாளர்கள் புலவர் வாரியாக அடுக்கவில்லையாம். முதலில் பருவங்கள், பிறகு பிரிவு, காதல். வசந்தத்துக்குள்ளும் முதலில் பனி உருகும், பிறகு பூ அரும்பும், பிறகு உதிரும். ஒரு கவிதை அடுத்த கவிதையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

நாங்களும் பருவங்கள் பற்றி ஐந்து வரிக் கவிதைகள் கேட்டோம். தாளின் பின்புறம் எண் மட்டும் இருக்கும். பெயர்ப்பட்டியல் குழுவின் மூன்றாவது ஆளான அக்காவிடம் இருந்தது. அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்.

நானும் ஒன்று எழுதி, எண் போடாமல் கட்டுக்குள் செருகிவிட்டேன். குளிர்காலத்தில் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்க, வெளிக்குழாய்க்குப் போகும் தண்ணீரை ஒருவன் முன்கூட்டியே வீட்டுக்குள் நின்று அடைக்கிறான். வெளியே போய்க் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீர் சொட்டி முடியும்வரை நிற்கிறான். அவ்வளவுதான் கவிதை.

அண்ணை அதை வாசித்தார். அக்கா வேண்டும் என்றார். அண்ணை சாதாரணம் என்றார். மூன்றாவது வாக்கு என்னுடையது. ஆதரித்தால் பிடிபடுவேன் என்று நினைத்து, வேண்டாம் என்று கையை உயர்த்தினேன்.

"தம்பி காலமை துவக்கம் வாய் திறக்கேல்லை. கையாலைதான் ஆக்களைக் கொல்லுறார்" என்றார் அக்கா.

கழித்த தாள்கள் வாஷிங் மெஷினுக்கு மேல் போயின. மத்தியானம் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டேன்.

பின்னேரம் ஒரு சிக்கல் வந்தது. இலை வாரும் கவிதையோடு இலையுதிர்காலம் முடிந்தது. அடுத்த தாளிலேயே முதற்பனி கொட்டியது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

"இதுக்கு ஜப்பான்காரன் என்ன செய்தவன் அண்ணை?" என்று அக்கா கேட்டார்.

"இடையிலை சாதாரணமான ஒண்டை வைப்பினம். எல்லாம் திறமெண்டால் ஒண்டும் எடுபடாது."

"சாதாரணம் எங்களிட்டைத் தாராளமாக் கிடக்கு" என்று அக்கா வாஷிங் மெஷின் பக்கம் போய், என் தாளோடு திரும்பி வந்தார். திருப்பிப் பார்த்தார். "எண் இல்லையே. ஆரெண்டு தெரியாது. எழுதின ஆள் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்காமல் போடேலாது. வேறை பாப்பம்."

அவர் அதைத் திரும்பவும் கொண்டுபோகத் தொடங்கினார். முதல்தரம் நானே தள்ளிய கவிதை. இரண்டாந்தரம் முடியவில்லை.

"அது என்ரை" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிறகேன் வேண்டாமெண்டு கை தூக்கினீர்?" என்றார் அண்ணை.

"நல்லாயில்லை எண்டு நினைச்சன்."

"அது சரிதான். நல்லாயில்லை. ஆனால் வேணும்."

பெயர் போடவேண்டாம் என்று கேட்டேன். அண்ணை யோசித்தார். "ஜப்பானிலையும் சிலருக்குப் பேர் தெரியாதெண்டுதான் போட்டவை. பதவி குறைஞ்ச ஆக்கள், அரசரோடை கோபப்பட்ட ஆக்கள்."

"என்ரை பதவியும் குறைஞ்சதுதான் அண்ணை."

"அது அரண்மனை. இது பேஸ்மென்ற். கையெழுத்தை வையும்" என்றார் அக்கா.

பெயரை எழுதி முடிக்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அதற்குள் அண்ணை முழங்காலில் இருந்து, இலை வாரும் கவிதையையும் முதற்பனிக் கவிதையையும் விலக்கி, நடுவில் என் தாளை வைத்துவிட்டார். அக்கா அடுத்த தாளை எடுத்தார். பனிக் கவிதைகள் இன்னும் ஒன்பது இருந்தன.