புதுப் பைக்குப் பழைய கூலி

“...அப்ப அந்த மார்க்கெட் எங்க கீதுன்னு சொல்லு மொதலாளி, நானே போய்க் கேட்டுகினு வரேன்” என்று தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார் அக்கா.

பல்லாவரத்தில் நாங்கள் வேலை பார்த்த தோல்பைப் பட்டறை அது. நான் தோல் வெட்டுவேன், அக்கா தைப்பார். ஒரு பைக்கு இவ்வளவு என்று கூலி. புதிதாக வந்த பையில் உள்ளே ஓர் அறை, கூடுதலாக இரண்டு ஜிப். வேலை ஏறிவிட்டது, கூலி ஏறவில்லை. கேட்டால் முதலாளியின் முகத்தில் உண்மையாகவே வருத்தம் வரும். “நான் இன்னாம்மா பண்றது? மார்க்கெட் ரேட் அதான்.” மழை பெய்தால் அவர் என்ன செய்வார் பாவம், அந்த மாதிரி.

கோவிலம்பாக்கத்தில் அக்கா குடியிருந்த வீட்டு ஓனரும் மார்க்கெட் ரேட்டைத்தான் சொல்லுவார். அங்கே மட்டும் அது வருஷம் தவறாமல் ஏறியது.

“வெள்ளிக்கிழமை சந்தைல பழைய மிக்சி மூடி வரைக்கும் கெடைக்குது. என் கூலிய எந்தக் கடைல தொங்கவுட்டுக்கிறாங்கன்னு தெர்லயே!”

நான் சிரித்துவிட்டேன்.

“நீ இன்னாத்துக்கு சிரிக்கிற? உன்னுதும் அங்கதான் தொங்குது.”

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் அடுத்த தெருப் பட்டறைக்குப் போனோம். அந்த முதலாளி நாற்காலி போட்டார், ஃபேனைக்கூடத் திருப்பி வைத்தார். “உங்க மொதலாளி குடுக்கறதப் பாத்துதாம்மா நானும் போடறேன். அவரு ஏத்தட்டும், மறுநாளே நான் ஏத்தறேன்.”

திரும்பி வந்து எங்கள் முதலாளியிடம் சொன்னோம். “அவரு ஏத்தட்டுமே, நானா வேணாங்கறேன்?”

இருவரும் நல்ல மனிதர்கள். தினமும் காலையில் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேப்பரை ஆளுக்கு ஒரு ஓரம் பிடித்துப் படிப்பார்கள். யார் முதலில் ஏற்றுவது என்பதில்தான் ஒருவருக்கொருவர் அப்படி ஒரு மரியாதை.

மறுநாள் காலையில் அக்கா பட்டறைப் பக்கம் போகாமல் நேராக அந்த டீக்கடைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

“இன்னாம்மா, பட்டறை தெறக்க இன்னும் நேரம் கீதே?” என்றார் எங்கள் முதலாளி.

“மார்க்கெட் தெறந்துடுச்சே மொதலாளி. ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளிக் குந்துங்க.”

தள்ளி உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார்ந்த அக்கா தனக்கு ஒரு டீ சொன்னார். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த புதுப் பையை எடுத்து அவர்கள் விரித்திருந்த பேப்பரின் மேல் வைத்து, ஜிப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார்.