வெள்ளைச் சேலைக்கு ஒரு லைட் மீட்டர்

கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவர்கள் என்ன சொல்வார்கள்? குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்பார்கள். முந்தின நாளே வந்தால் சந்தோஷம் என்பார்கள்.

ஜெபா சொன்னது வேறு.

“மொய்யெல்லாம் வேண்டாம்க்கா. ஒரே ஒரு போட்டோ எடுத்துத் தாங்க. அதுல என் மூஞ்சி தெரியணும்.”

ஜெபா எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் டி-ஷர்ட்டில் ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். இங்கே வேலம்பாளையத்தில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்கு வருகிறாள். மாப்பிள்ளைக்கும் திருப்பூரில்தான் வேலை என்பதால் கல்யாணமும் வேலம்பாளையம் சர்ச்சில்.

மூஞ்சி தெரியாமல் எப்படி ஒரு கல்யாண போட்டோ வரும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் வெள்ளைச் சட்டையும் பல்லும் மட்டும் தெரிகிறதாம். அக்காவின் கல்யாணத்தில் இவள் நின்ற இடத்தில் ஒரு நிழல்தான் இருக்கிறதாம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஸ்டூடியோக்காரரிடம் இதைச் சொன்னதும், அவர் கம்ப்யூட்டரில் முகத்தை வெளுத்துக் கொடுத்துவிட்டார். அத்தை அந்தப் படத்தை வாங்கிப் பார்த்து, இது யாரு புள்ள என்று கேட்டிருக்கிறார்.

“கறுப்பா இருக்கதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா,” என்றாள். “மூஞ்சியே இல்லாம இருக்கதுதான் வருத்தம்.”

“பாத்துக்கலாம் கண்ணு” என்றுவிட்டேன். சொல்லிவிட்டுச் சீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் என் கேமராவை நினைத்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கேமராவைத் தெரியும். எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரிடம் தரப் பரிசோதனைக்கு இருந்த டச்சுப் பெண்மணி, வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேலே குனிந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். ஃபிலிம் போட வேண்டும். அவரும் நானும் பிறப்பதற்கு முந்தைய கேமரா. பேட்டரி கிடையாது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் கிடையாது.

மீட்டர் எதற்கு? இவ்வளவு வெளிச்சத்துக்கு லென்ஸை எவ்வளவு திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். இதுவரை நான் குத்துமதிப்பாக வைத்தே ஓட்டியிருந்தேன். வெயிலில் எடுத்தால் தேறும். நிழலில் எடுத்தால்... அந்தப் படங்களை நான் யாரிடமும் காட்டுவதில்லை.

ஒருத்தியின் கல்யாணத்தில் குத்துமதிப்பு செல்லுமா? மீட்டர் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் தம்பி, எதற்குச் செலவு என்றான். சாம்பிள்களைப் படம் எடுத்து பையருக்கு மெயில் அனுப்ப எங்களிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருக்கிறது. அதற்குள்ளேயே மீட்டர் உண்டு. அது காட்டும் எண்களை அப்படியே பழைய கேமராவில் வைத்துவிடலாமே என்பது அவன் யோசனை. நல்ல யோசனைதான். நானும் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த மெயில் ஞாபகம் வந்தது.

சில மாதம் முன்பு வெள்ளை டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. சாம்பிளை அதே டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். நாங்கள் கேட்டது வெள்ளை, நீங்கள் காட்டுவது சாம்பல், ஏன் என்று பையரிடமிருந்து பதில் வந்தது. பதறிப்போய்த் துணியை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். துணியின் நிறம், அதாவது ஷேடு, பார்க்க எல்லா எக்ஸ்போர்ட் கம்பெனியிலும் ஒரு லைட் பாக்ஸ் இருக்கும். எப்போதும் ஒரே வெளிச்சம் தரும் பெட்டி. அதில் துணி பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருந்தது. அப்படியானால் தப்பு கேமரா மேல். அன்றைக்கு சாம்பிளையே கூரியரில் அனுப்பிச் சமாளித்தேன். ஏன் அப்படி ஆனது என்று யோசிக்க நேரமில்லை.

இப்போது யோசித்தேன். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், எதிரே இருக்கும் பொருளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. எல்லாப் பொருளையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது நினைத்துக்கொள்கிறது. எதிரே வெள்ளை இருந்தால், அடடா வெளிச்சம் ஜாஸ்தி என்று குறைத்துவிடும். வெள்ளைத் துணி சாம்பலாகும்.

சரி, எதிரே வெள்ளைச் சேலையில் ஒரு கறுத்த பெண் நின்றால்?

மீட்டர் சேலையைப் பார்க்கும். வெளிச்சத்தைக் குறைக்கும். சேலை சாம்பலாகும், முகம் இருட்டில் போய்விடும். ஜெபா ஏன் எந்தப் படத்திலும் இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. அவள் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. அவளை யாரும் அளக்கவே இல்லை. அவள் சட்டையை அளந்திருக்கிறார்கள்!

சனிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன்.

மாடிப்படி ஏறிப் போக வேண்டிய கடை. பழைய கேமராக்களை வாங்கி விற்கிறவர், மரியாதையான மனிதர். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடி அலமாரியிலிருந்து நான்கு மீட்டர்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

முதலாவது பேட்டரியே வேண்டாத பழைய மீட்டர். அதன் முள் மத்தியானத் தூக்கத்தில் இருப்பதுபோல் மெல்ல எழுந்தது. வயதாகிவிட்டால் இந்த வகை அப்படித்தான், நம்ப முடியாது என்று அவரே ஒதுக்கிவிட்டார். இரண்டாவது தீப்பெட்டி அளவு. கேமராவின் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் தோது என்றார். மூன்றாவது துப்பாக்கி மாதிரி இருந்தது. அதன் வழியே பார்த்து, தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கலாம். நான்காவதன் தலையில், பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைக் குமிழ்.

மூன்றாவதைக் கையில் எடுத்ததும் ஆசை வந்தது. சேலையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் அளந்தால் போதுமே? வாங்கிவிடலாம் என்று வாய் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். இதுவும் பொருளைப் பார்த்து அளக்கிற மீட்டர்தானே? கறுத்த முகத்தையும் நடுத்தரச் சாம்பல் என்றுதான் நினைக்கும். வெளிச்சம் போதவில்லை என்று கூட்டிக் காட்டும். நான் கணக்குப் போட்டுக் குறைக்காவிட்டால், கம்ப்யூட்டரே இல்லாமல் ஜெபாவின் முகத்தை நானே வெளுத்துவிடுவேன்.

என் பையில் எப்போதும் சாம்பிள்கள் கிடக்கும். ஒரு வெள்ளை டி-ஷர்ட்டையும் ஒரு கறுப்பு டி-ஷர்ட்டையும் எடுத்து, வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கமாக மேஜையில் விரித்தேன்.

மேலே மாட்டும் மீட்டரை வெள்ளையின் பக்கம் நீட்டினேன். ஒரு எண். கறுப்பின் பக்கம் நீட்டினேன். வேறு எண், பெரிய வித்தியாசம். ஜன்னல் அதே ஜன்னல், வெளிச்சம் அதே வெளிச்சம்.

பிறகு குமிழ் வைத்த மீட்டர். இதைப் பொருளின் பக்கம் திருப்பக் கூடாது. பொருள் இருக்கும் இடத்தில் வைத்து, குமிழை கேமரா பக்கம் காட்ட வேண்டும். அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று மட்டும் அது அளக்கும். வெள்ளை டி-ஷர்ட்டின் மேல் வைத்தேன். எண்ணைப் பார்த்தேன். கறுப்பின் மேல் வைத்தேன்.

அதே எண். முள் அசையவே இல்லை.

எனக்கு அந்த மேஜையில் தாளம் போட வேண்டும்போல் இருந்தது.

“மீட்டர் வாங்கறதுக்குப் பனியனோட வந்தவங்க நீங்கதானுங்க மொதல் ஆளு,” என்றார் கடைக்காரர். தோது என்று சொன்ன இரண்டாவது மீட்டரை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டு, குமிழ் வைத்ததை என்னிடம் நீட்டினார்.

கல்யாண நாள். ஜெபா வெள்ளைப் பட்டு உடுத்தியிருந்தாள். அதன் மேல் வெள்ளை நூலிலேயே பூவேலை. தலையில் வெள்ளை நெட். ஆராதனை முடிந்து, சொந்தக்காரர்கள் வரிசை கட்டிக் கைகுலுக்கி முடியும்வரை நான் ஓரமாகக் காத்திருந்தேன். பிறகு சர்ச் வராண்டாவில், நேர் வெயில் படாத இடத்தில் அவளை நிறுத்தினேன். மீட்டரை அவள் கன்னத்தருகே பிடித்துக் குமிழை கேமரா பக்கம் காட்டினேன். லென்ஸின் திறப்பை நாலில் வை என்றது.

ஸ்டூடியோக்காரர் பின்னாலேயே நின்றிருந்தார். கல்யாணமாக எடுத்துப் பழுத்த ஆள். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாகப் போகும் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“நாலு வேண்டாமுங்க மேடம்,” என்றார் அக்கறையாக. “முழுக்க வெள்ளைங்க. எட்டுல வைங்க. இல்லீனா சேலை வெந்து, பூவேலை ஒண்ணுமே தெரியாமப் போயிரும்.”

அவர் அனுபவம் எங்கே, வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத என் மீட்டர் எங்கே? ஒரு படம் கெட்டுப்போனால் அவரிடம் இன்னும் நூறு படம் இருக்கும். ஜெபாவிடம்?

ஜெபாவைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே அவளை எட்டில் வைத்துத்தானே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நாலிலேயே விட்டேன். மாப்பிள்ளை எனக்குப் பின்னால் நின்று என்னவோ சேஷ்டை செய்தார் போலிருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அழுத்தினேன்.

ஃபிலிமைக் கழுவக் கொடுத்த லேபில், முகத்தை வெளுக்க வேண்டாம், எந்தத் திருத்தமும் வேண்டாம், நெகட்டிவில் இருப்பது அப்படியே வரட்டும் என்று கெஞ்சிச் சொல்லிவிட்டு வந்தேன். வாங்கப் போன அன்று கவரைப் பிரிக்கப் பயந்து, பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிரித்தேன்.

ஜெபா இருந்தாள்!

நல்ல கறுப்பு. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வெளிச்சம் மினுங்கியது. கண்ணின் ஓரத்தில் சிரிப்பின் சுருக்கம்கூட இருந்தது. சேலை வேகவில்லை. வெள்ளைப் பட்டின் மேல் வெள்ளைப் பூ ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பக்கத்து சீட்டில் யாரென்றே தெரியாத ஒரு அம்மாவிடம் படத்தை நீட்டிவிட்டேன். உங்க தங்கச்சிங்களா, லட்சணமா இருக்குதுங்க என்றார் அவர். ஆமாங்க என்றேன். அந்த நேரத்தில் மறுக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை செக்கிங் டேபிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெபா வழக்கம்போல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குறை தேடுகிற கண்ணோடு ஓரம் ஓரமாகப் பார்த்தாள். கடைசியில் நடுவுக்கு வந்தாள்.

“இது நாந்தான்க்கா,” என்றாள். அவ்வளவுதான். படத்தை முந்தானையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள்.

ஸ்டூடியோ ஆல்பமும் பிறகு வந்தது. கனமான அட்டை, பின்னணியில் அருவி, பனிமலை எல்லாம் உண்டு. சாத்தான்குளம் வீட்டுச் சுவரில் ஜெபாவின் அம்மா மாட்டியிருப்பது என்னவோ வராண்டா படத்தைத்தான்.

வெளிச்சத்தை அளக்க இரண்டு வழி இருக்கிறது. ஆளின் நிறத்தைப் பார்த்து அளக்கலாம். அல்லது அவர் நிற்கும் இடத்துக்குப் போய், அங்கே எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளக்கலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், பக்கத்தில் போக வேண்டும். அதனால்தானோ என்னவோ, பலரும் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

போன ஞாயிறு கம்பெனி லீவு. செக்கிங் பிரிவுப் பெண்கள் பூ வைத்து, இருப்பதிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியின் கன்னத்தருகேயும் மீட்டரைப் பிடித்துப் பிடித்து எடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அவர்களில் ஒருத்திகூட, கொஞ்சம் கலராக வரட்டும் என்று கேட்கவில்லை.