ஈரம் பார்த்த பல்

எண்ணெய் ஆலையின் எடைமேடைக்காரருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் முள்ளு. தராசு முள்ளைப் போல ஒல்லியாக இருந்த காலத்தில் வைத்தது. பிறகு ஆள் நூற்றுப் பன்னிரண்டு கிலோவுக்கு வளர்ந்துவிட்டார், பெயர் வளரவில்லை. வைத்த பெயரை மாற்ற யாருக்கும் நேரமும் இல்லை, தைரியமும் இல்லை.

முள்ளு சாரின் தொழில் சந்தேகப்படுவது. சம்பளச் சீட்டில் எடையாளர் என்று போட்டிருக்கும், அது சும்மா. நிலக்கடலை மூட்டைகளோடு உள்ளே வரும் லாரியை ஒரு தடவை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு தடவை எடை போட வேண்டும். வித்தியாசம்தான் சரக்கு. இதற்குள் மனித குலம் செய்யக்கூடிய அத்தனை கோல்மாலும் அவருக்கு அத்துப்படி. வரும்போது தண்ணீர் டிரம் தளும்பும், போகும்போது காய்ந்து கிடக்கும். வரும்போது டிரைவருக்குப் பக்கத்தில் மாமன் மச்சான் என்று மூன்று பேர் இருப்பார்கள், போகும்போது மூவரும் நடந்து போயிருப்பார்கள். "இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க" என்பது அவர் வாயில் காலை வணக்கம் போல வரும்.

இப்படிப்பட்டவர் மீதே ஒரு நாள் எடை பாய்ந்தது. ஆலை நிர்வாகம் எடைமேடைக்குப் புது அறை கட்டியது. இரும்புத் தூண்கள் மேல், லாரியின் முதுகு தெரியும் உயரத்தில், கண்ணாடி போட்ட அறை. ஏறிப் போக ஒரு செங்குத்தான இரும்பு ஏணி. ஏணியின் காலில் ஒரு பலகை: நூறு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது.

மேனேஜர் நல்ல மனிதர். "சார், நான் ஒண்ணும் சொல்லல. காப்பீட்டுக்காரன் சொல்றான். மூணு மாசம் டைம் தர்றேன். டாக்டர் ரூம் மெஷின்ல நூறுக்குள்ள வந்துட்டா அறை உங்களுக்கு. இல்லன்னா சாக்குக் கிடங்கு. அதுவும் நல்ல இடம்தான். நிழல் இருக்கு."

சாக்குக் கிடங்கில் காலிச் சாக்குகள்தான் இருக்கும். காலிச் சாக்கை எப்படிச் சந்தேகப்படுவது? முள்ளு சாருக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

அவருடைய மனைவி தையல்காரர். முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு, நாள் முழுக்க அடுத்தவர் இடுப்பை அளப்பவர். கணவரின் இடுப்பு வரலாறு அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். கால்சட்டைகளின் தையலைப் பிரித்து அகலம் விட்டு விட்டு, இனி விடத் துணியே இல்லை என்ற நிலையில் இருந்தார். செய்தி கேட்டதும் அடுக்களையில் எண்ணெய்க்கு ஊரடங்கு போட்டார். காலையில் ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பழம். டப்பாவில் வேகவைத்த காய், பயறு, வெள்ளரித் துண்டு. இரவும் ஏறக்குறைய அதே கதை. "நீங்க மட்டும் ஏன் கஷ்டப்படணும்" என்று தானும் அதையே சாப்பிட்டார்.

ஒரு மாதம் போனது. முள்ளு சார் வீட்டு எடை மெஷினில் ஏறினார். அரைக் கிலோ கூடியிருந்தது.

முதல் சந்தேகம் மெஷின் மேல். மறுநாள் ஆலையிலிருந்து முத்திரை போட்ட இருபது கிலோ படிக்கல்லைக் கைக்குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மெஷினில் நிறுத்தினார். இருபது என்று காட்டியது. மெஷின் நிரபராதி. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்.

"ஏம்மா, காய் எதுல வேகுது?"

"தண்ணியில. வேற எதுல வேகும்?"

"தாளிக்கறியா?"

"தாளிச்சு ஒரு மாசம் ஆச்சு. கடுகு டப்பாவுக்கு என் முகமே மறந்து போச்சு."

இந்தப் பதிலில் ஏதோ அதிகப்படியான தெளிவு இருப்பதாக முள்ளு சாருக்குப் பட்டது. தெளிவாகப் பேசும் லாரிக்காரனை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. எண்ணெய் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தார். கோடு அசையவில்லை. அப்படியென்றால் வேறு பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அரிசி டிரம்முக்குப் பின்னால் தேடினார். தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய்தான் கிடைத்தது. அதையும் முகர்ந்து பார்த்தார்.

இதற்கிடையில் இன்னொரு கொடுமை நடந்தது. மனைவி இளைத்துக்கொண்டே வந்தார். ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்கும்படி ஆயிற்று. முள்ளு சாருக்கு வழக்கு கையில் வந்து விழுந்தது.

"ஒரே அடுப்பு, ஒரே சட்டி. நீ இளைச்சிட்ட, நான் இளைக்கல. அப்போ என் பங்குல மட்டும் என்னமோ சேருது. சேருதா இல்லையா?"

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "என்ன சொல்ல வர்றீங்க? உங்களுக்குத் தெரியாம நான் எண்ணெய் ஊத்திக் கொழுக்க வைக்கிறேனா? எதுக்கு? வித்துட்டுப் போகவா?"

"நான் யாரையும் குத்தம் சொல்லல. கணக்கு இடிக்குதுன்னு சொல்றேன்."

"நான் பட்டினி கிடந்து இளைச்சது உங்களுக்குத் திருட்டுத்தனமாத் தெரியுதா?"

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. மிஷின் மட்டும் கோபமாகத் தைத்தது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும்: பேச்சு நின்றாலும் டப்பா நிற்கவில்லை. கால்சட்டையும் கைக்கு வந்தது. பின் தையல் மறுபடி வாய் பிளந்திருந்தது. அந்த அம்மாள் தையலைப் பிரித்தார். பையின் அடிமூலையைப் பிதுக்கியபோது, மெல்லிய சிவப்புத் தோல்கள் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தன. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். கணவரிடம் கற்றதுதான். தையலை மூடினார்.

மறுநாள் காலை முள்ளு சார் எடைமேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஒரு பழைய புடவையில் சுற்றிய வீட்டு எடை மெஷினோடு மனைவி நின்றிருந்தார். பின்னால் லாரிகள் வரிசை.

"ஏறுங்க," என்றார்.

"இங்க எதுக்கும்மா? எல்லாரும் பார்க்கறாங்க."

"லாரிக்கு உள்ள வரும்போது ஒண்ணு, வெளிய போகும்போது ஒண்ணு போடறீங்கல்ல? உங்களுக்கும் போடலாம். வீட்டுல சேருதா, இங்க சேருதான்னு தெரிஞ்சுடும்."

வரிசையில் முதலில் நின்றவர் மீசை என்ற லாரிக்காரர். போன மாதம்தான் அவரைத் தண்ணீர் டிரம் விஷயமாக முள்ளு சார் பாதி நாள் வெயிலில் நிறுத்தியிருந்தார். மீசை கீழே குதித்தார். "அண்ணி, அப்படியே ஏத்திடாதீங்க! முதல்ல பாக்கெட்டைக் காலி பண்ணச் சொல்லுங்க. செருப்பு, பெல்ட்டு எல்லாம் கழட்டணும். நம்ம சாரோட ரூல்ஸ் அது."

முள்ளு சார் சாவிக்கொத்து, போன், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து வைத்து, தன் சொந்தச் சட்டத்தின்படி ஏறினார். மனைவி எடையைப் பார்த்துக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவும் எடை போடப்பட்டது. தண்ணீர் பாட்டிலும் தப்பவில்லை. பிறகு அந்த அம்மாள் எடைமேடையின் பழைய அறைக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, யாரோ ஒரு பாப்பாவின் கவுனுக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தார்.

மீசையின் லாரி மேடையில் ஏறியது. முள்ளு சார் இறங்கிப் போய், மூட்டையில் குழாய் போன்ற குத்தூசியைச் செருகி, உள்ளங்கை நிறையக் கடலை எடுத்தார். ஈரக் கடலை எடை கூடுதலாக நிற்கும். அதைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை. ஒன்றை எடுத்து முன்பல்லால் கடித்தார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது. உடைந்தது. ஆனால் ஒன்று உடைந்ததை வைத்து ஒரு லாரியை நம்ப முடியுமா? இன்னொன்று. பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு பிடி. நடுவிலிருந்து ஒரு பிடி. மீசையின் சரக்கு என்பதால் கடைசி மூட்டையிலிருந்து இரண்டு பிடி. மிச்சம் பைக்குப் போனது; எடையை எழுதும்போது பையிலிருந்து வாய்க்குப் போனது. லாரிக்கு அடுத்து லாரி. நல்ல பெயர் உள்ள ஆள் கொண்டு வந்தால் ஒரு பிடியோடு விட்டார். திருட்டு முழிக்காரன் வந்தால் நாலு பிடி. ஊரில் யோக்கியர்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் முள்ளு சார் இன்னும் முள்ளாகவே இருந்திருப்பார்.

டப்பாவைத் திறக்கும்போது சாயங்காலம் நெருங்கியிருந்தது. "நேரமே இல்லம்மா, பாரு," என்றார், பயறை அள்ளிக்கொண்டே. "ஒரு வாய் சாப்பிட விடறானுங்களா?"

வேலை முடிந்ததும் மறுபடி ஏறினார். மனைவி டப்பாவில் தின்றதைக் கழித்தார், குடித்த தண்ணீரைக் கழித்தார். கழித்த பிறகும் மிச்சம் இருந்தது.

"முக்கால் கிலோ கூடுதல். சரக்கு எங்க ஏறிச்சு?"

"வேற எங்கயும் ஒண்ணும் சாப்பிடலையே," என்றார் முள்ளு சார், முழு நேர்மையோடு.

"இப்ப வாயில என்ன?"

"ஈரம் பார்க்கறேன்."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தாடை நின்றது. தன் பையில் தானே கைவிட்டுப் பார்த்தார். பாதிப் பிடி இருந்தது. இத்தனை வருடம் லாரிக்காரர்களின் பைக்குள் தேடியவர், தன் பையை ஒரு நாளும் தேடியதில்லை.

"எண்ணெயை நான் ஊத்தல," என்றார் மனைவி. "நீங்க கடலையாவே தின்னுட்டு என்னைச் சந்தேகப்பட்டீங்க."

முள்ளு சாருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கைப்பிடிக் கடலையை எடுத்து மூட்டையில் திருப்பிப் போட்டார். பிறகு மெஷினைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, வீடு வரை மனைவிக்குப் பின்னாலேயே நடந்தார். அந்த அம்மாள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரிகிறது. வாசலில், "செருப்பைப் பார்த்துக் கழட்டுங்க" என்று பேசினார்.

மேசை இழுப்பறையில் ஈரம் அளக்கும் கருவி ஒன்று, ஆலை வாங்கிக் கொடுத்தது, உறை பிரிக்காமல் கிடந்தது. அதை முள்ளு சார் நம்பியதில்லை. இப்போது நம்ப வேண்டியதாயிற்று. கருவியைக் கடலைக்குள் செருகிவிட்டு, எண் வரும் வரை உதடுகளை இறுக மூடிக்கொண்டு நிற்பார். பார்த்தவர்கள் பல்வலி என்று நினைத்தார்கள். வாய் சும்மா இருந்ததால் மதியமே பசித்தது. மேடை வாசலில் "சாப்பாட்டு நேரம்" என்று ஒரு அட்டை தொங்கியது. வரிசை காத்திருந்தது, லாரிக்காரர்கள் திட்டினார்கள், வானம் இடிந்து விழவில்லை. கால்சட்டைகள் தளர ஆரம்பித்தன.

கெடு முடியும் நாளில் மனைவியும் கூட வந்தார். டாக்டர் அறை மெஷினில் முள்ளு சார் ஏறினார். எடை பார்க்கும் நர்ஸ் குனிந்து படித்தார். "தொண்ணூத்தொம்பதரை. போகலாம் சார்."

முள்ளு சார் இறங்கவில்லை. மெஷினின் நாலு காலையும் பார்த்தார். தரை சமமா என்று பார்த்தார். குறைத்துக் காட்டுகிறது, நிச்சயம் குறைத்துக் காட்டுகிறது. படிக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் திறந்தது. கதவோரம் மனைவி நின்றிருந்தார், பிடித்துத் தைத்த ரவிக்கையில். முள்ளு சார் வாயை மூடினார். இறங்கினார். சர்வீஸில் முதல் தடவையாக ஓர் எடை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்டது.

புது அறையின் ஏணிக்குக் கீழே வந்ததும் சுபாவம் திரும்பிவிட்டது. முதல் படியைத் தட்டினார். இரண்டாவதை உலுக்கினார். வெல்டிங்கை நகத்தால் சுரண்டினார்.

"தாங்குமா, என்ன நினைக்கற?"

"ஏறுங்க," என்றார் மனைவி, டப்பாவை நீட்டியபடி. "இல்ல, அதையும் கடிச்சுத்தான் பார்க்கணுமா?"