ஷூவுக்குள் மலையும் குழியும்

மணவாளக்குறிச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பேராசிரியை, கம்பி, ஜன்னல், சீட்டு என்று எதைக் கண்டாலும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சொரசொரப்பான பரப்புகள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவர் வேலையாம். அந்த நேரம் பார்த்து என் வலது ஷூ அடியில் வாயைப் பிளந்தது அவருடைய அதிர்ஷ்டம். அன்றைக்குக் கல்யாணத்தில், அப்பா இல்லாத என் தங்கை மகளைச் சர்ச்சுக்குள் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவன் நான்.

“கழத்துங்கண்ணே,” என்று ஷூவை வாங்கினார். “ஷூவும் அடியும் ரெண்டும் நல்லா தொட்டிட்டு இருக்கமாதிரி தோணும். உள்ள மலையும் குழியுமாக்கும். உச்சி மட்டுந்தான் தொடும்.”

“பசை போட்டா நிக்குமா டீச்சர்?”

“மண்ணைத் தட்டி, பசையால குழிய நிறைச்சு, அமுக்கி வச்சா நிக்கும். எனக்க கம்ப்யூட்டர்ல நின்னுது.”

“கம்ப்யூட்டர் சர்ச்சுக்கு நடந்து போவாதே?”

“அதாக்கும் எனக்கும் சந்தேகம்,” என்றவர், பையிலிருந்து பசையை எடுத்து ஒட்டி, மடியில் வைத்து லேப்டாப்பால் அமுக்கிக்கொண்டார். என் ஸ்டாப் வந்ததும் அவரும் இறங்கிவிட்டார்.

ஷூ பிளக்கவில்லை. நாங்கள் நடந்தபோது சர்ச்சே மணப்பெண்ணைப் பார்த்தது. கடைசி பெஞ்சிலிருந்து கழுத்தை நீட்டி, அவர் மட்டும் என் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை ஆசையோடு ஒரு பெண் என்னைப் பார்த்தது இந்த வயதில் அதுதான் முதல்முறை. கணுக்காலுக்கு மேலே அவர் கண் வரவேயில்லை.