உள்பக்கம் பார்த்த பால்கனி

கர்ட்டன்காரரைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. தெரிந்தவர்களிலும் அவருடைய பெயரைத் தெரிந்தவர்கள் கிடையாது. கர்ட்டன் விற்கிறார், தைக்கிறார், வீடு தேடி வந்து மாட்டியும் கொடுக்கிறார், அதனால் கர்ட்டன்காரர். கீழே கடை, மேலே வீடு. தங்கமான மனிதர். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரர் வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் கண் ஜன்னலுக்குப் போய்விடும். ஜன்னல் என்றால் ஜன்னலுக்கு வெளியே தெரிவது அல்ல. சட்டம், கம்பி, மடிப்பு, ஓரத்தையல். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, "பாவம், நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே திரையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தவர் அவர். மனைவி பக்கத்தில் நின்று காலை மிதித்ததால் விலை கேட்காமல் விட்டார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. திரையை இரண்டு விதமாக மாட்டலாம். ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே கம்பியைப் பொருத்தினால் அது உள்பக்கம். சட்டத்துக்கு வெளியே, சுவரில் ஆணி அடித்துப் பொருத்தினால் வெளிப்பக்கம். "உள்பக்கம் மாட்டினா ஜன்னலுக்கு அழகு. வெளிப்பக்கம் மாட்டினா சுவத்துக்குச் சட்டை போட்ட மாதிரி" என்பார். வாடிக்கையாளர் எந்தப் பக்கம் கேட்டாலும், கடைசியில் உள்பக்கம்தான் மாட்டச் சொல்வார்கள். மனிதர் அந்த அளவுக்குக் காதைத் தின்றுவிடுவார்.

அவருடைய மனைவிக்குத் தையல் மெஷின் முன்னால் வேலை. மெஷின் சுவரைப் பார்த்து இருந்தது. மாடிக்குப் போனால் படுக்கையறை ஜன்னல், அதற்கு எதிரே, குறுகிய சந்துக்கு அந்தப் பக்கம், ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் மக்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? நேரே இந்த ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். அதனால் கர்ட்டன்காரர் கல்யாணமான புதிதிலேயே அதற்கு மெல்லிசாக ஒன்று, கனமாக ஒன்று, வெயில் புகாத துணியில் ஒன்று என்று மூன்று அடுக்கு போட்டு, கோட்டை மாதிரி மூடிவிட்டார்.

ஒரு தடவை, வெகு காலத்துக்கு முன்னால், மனைவி கேட்டுப் பார்த்தார். "ஒரு நாளாவது திறந்து வச்சுத் தூங்கலாமேங்க?"

"கர்ட்டன்காரன் வீட்டு ஜன்னல்ல கர்ட்டன் திறந்து கிடந்தா ஊர் சிரிக்காதா?" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கல்யாணமாகி முப்பது வருஷம் நிறைகிற சமயத்தில், அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும், என்ன வேண்டும் சொல், என்று மனைவியை நச்சரித்தார். வளையல் என்று சொல்வார், புது மெஷின் என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தார். அவர் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"காலையில நான் கண்ணு முழிக்கும்போது திரை மூடியிருக்கக் கூடாது. கண்ணைத் திறந்தா நேரா கடல் தெரியணும். ஒரு வாரம். அது போதும்."

கேட்ட மாத்திரத்தில் கர்ட்டன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கப்பல்! பால்கனி வைத்த அறை! மனைவியின் தம்பி ஒருவன் இருந்தான். வேலை செய்யும் கம்பெனியில் ஏதோ குலுக்கலில் விழுந்து, மூன்றே மூன்று நாள் சொகுசுக் கப்பலில் போய் வந்தவன். அன்றிலிருந்து குடும்பத்தில் அவனுக்குக் கேப்டன் என்றுதான் பெயர். தெருவில் காற்றடித்தால்கூட, "இது ஒண்ணும் இல்ல, நடுக்கடல்ல அடிக்கும் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவான். விஷயம் தெரிந்ததும் கேப்டன் ஓடி வந்தான்.

"மாமா, புதுசா போறவங்க தப்பு பண்றதே ரூம் எடுக்கறதுலதான். நடுவுல எடுங்க, முன்னாடியும் பின்னாடியும் ஆட்டம் ஜாஸ்தி. நீச்சல் குளம் இருக்கற தளத்துக்கு நேர் கீழ எடுக்காதீங்க, விடியறதுக்கு முன்னாடியே நாற்காலியை இழுத்து உயிரை வாங்குவாங்க. சில பால்கனிக்கு முன்னாடி உயிர்காக்கும் படகைத் தொங்க விட்டிருப்பான், பணமும் போய் படகைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். அப்புறம் பெரிய கப்பல்ல இன்னொரு சமாச்சாரம் இருக்கு, பால்கனியிலேயே ரெண்டு..."

"போதும்ப்பா" என்று கர்ட்டன்காரர் கையை உயர்த்தினார். "ஊர்ல இருக்கற அத்தனை ஜன்னலும் என் கை பட்டதுதான். ஒரு பால்கனியை எடுக்கத் தெரியாதா எனக்கு?"

கேப்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனான். அந்தப் பாதி வாக்கியம் அவன் வாயிலேயே நின்றுவிட்டது. அதை முழுதாகக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

மறுநாள், கப்பலுக்குச் சொல்லி வைத்திருந்த பயண அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கர்ட்டன்காரர் அப்போது ஏணியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு புது வீட்டில் வரவேற்பறைத் திரைக்கு மடிப்பு பிடிக்கிறார், வாயில் நாலைந்து குண்டூசி. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினார். நடுவில் வேண்டும் என்றார், கிடைத்தது. நீச்சல் குளத்துக்குக் கீழே வேண்டாம் என்றார், சரி என்றாள். படகு தொங்கக் கூடாது என்றார், தொங்காது என்றாள். கேப்டன் சொன்னதையெல்லாம் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து விட்டதில் அவருக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு சார்" என்றாள் அவள். "உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

முப்பது வருஷப் பழக்கம். மூளையைக் கேட்காமலேயே வாய் பதில் சொன்னது.

"உள்பக்கம்தாம்மா. கண்ணை மூடிக்கிட்டு உள்பக்கம் போடு."

"உறுதியா சார்? நிறைய பேர் வெளிப்பக்கம்தான் கேப்பாங்க."

"நிறைய பேருக்கு விவரம் பத்தாதும்மா. உள்பக்கம்தான் நீட்டா இருக்கும்."

அந்தப் பெண் சற்று யோசித்தது போனிலேயே கேட்டது. பிறகு, சரி சார், என்று வைத்துவிட்டாள். கர்ட்டன்காரர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று அந்த வீட்டுக்காரரிடம் பெருமூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலையணை உறை வாங்க வந்தவரும் கடலைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. "கண்ணு முழிச்சா கடல். படுக்கையில இருந்தே கடல்" என்று தம்பட்டம் அடித்துக்கொண்டே இருந்தார். மனைவி மெஷினை மிதித்தபடி சிரித்துக்கொள்வார். சிரித்தாலும், அந்த நாட்களில் அவர் தைத்த தையல் எல்லாம் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது.

கப்பல் துறைமுகத்தில் ஒரு தெருவையே தூக்கி நிறுத்தியது போல நின்றது. உள்ளே போனால் லிஃப்ட், தாழ்வாரம், மறுபடியும் தாழ்வாரம். ஒரு வழியாக அறையைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தார்கள். பெரிய கட்டில், சின்ன சோபா, எதிரே சுவர் நீளத்துக்குத் திரை. கர்ட்டன்காரர் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் போய் ஓரத்தைப் புரட்டினார். "பரவாயில்ல, நல்ல துணி. தையல்தான் சுமார்."

"திறங்களேன்" என்றார் மனைவி.

"கண்ணை மூடிக்கோ. நான் சொல்றப்பதான் திறக்கணும்."

மனைவி சின்னப் பெண் மாதிரி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். கர்ட்டன்காரர் நாடகக் கொட்டகையில் திரையை விலக்குவதுபோல இரண்டு பக்கமும் ஒரே இழுப்பாக இழுத்தார். "இப்ப பாரு!"

மனைவி பார்த்தார்.

கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் அழகான பால்கனி, இரண்டு நாற்காலி. அதற்குக் கீழே தொட்டிச் செடிகள், ஒரு நடைபாதை, ஒரு காபிக் கடை. நேர் எதிரே, இன்னொரு வரிசை பால்கனிகள். கப்பலின் வயிற்றுக்குள்ளேயே ஒரு தெருவைக் கட்டி, அதைப் பார்த்து வைத்த பால்கனி அது. எதிர் பால்கனியில் அரைக்கால் சட்டையோடு ஒரு பெரியவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் மரியாதையாகப் பிரஷ்ஷை உயர்த்தினார்.

கடல் ஒரு சொட்டுகூட இல்லை.

திட்டியிருந்தால் கர்ட்டன்காரர் தாங்கியிருப்பார். ஆனால் மனைவி மெதுவாக வந்து, திரையை அவரே இழுத்து மூடினார். விளக்கைப் போட்டார். பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தார். அந்த மூடிய திரையைப் பார்த்ததும்தான் கர்ட்டன்காரருக்கு உறைத்தது. அவ்வளவு தூரம் கூட்டி வந்து, மனைவியை அதே படுக்கையறையில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பல்லோடு சேர்த்து.

"இதோ வரேன்" என்று விறுவிறுவென்று வரவேற்பு மேஜைக்குப் போனார். குரலை உயர்த்தினார். கடலைக் காட்டாத பால்கனி என்ன பால்கனி என்றார். மேஜையில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "நீங்க கேட்டதே உள்பக்கம்தானே சார்? வெளிப்பக்கம் நீட்டா இருக்காதுன்னு சொன்னீங்களாம். இப்ப கப்பல் நிரம்பிடுச்சு. மாத்த இடமே இல்ல."

ஏணியும் குண்டூசியும் கர்ட்டன்காரரின் கண்முன்னால் வந்து நின்றன. உயர்த்திய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அசடு வழிந்துகொண்டே திரும்பினார்.

அறையில் மனைவி தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஏமாத்திட்டாங்கடா" என்பது கதவுக்கு வெளியே கேட்டது. கேப்டன் அந்தப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தான். விடமாட்டேன், கிழித்துவிடுவேன் என்பதெல்லாம் போனைத் தாண்டி வந்தது. கர்ட்டன்காரருக்குத் தப்பிக்க வழி தானாகத் திறந்திருந்தது. ஆமாம், ஏமாற்றிவிட்டார்கள் என்று தலையை ஆட்டினால் போதும். அவரும் வாயைத் திறந்தார். ஆனால் மனைவி நிமிர்ந்து பார்த்த பார்வையில், அவர் தன்னை முழுதாக நம்பிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"போனை வை" என்றார். வைத்ததும், "அவங்க ஏமாத்தல. அந்தப் பொண்ணு கேட்டுச்சு. உள்பக்கமா, வெளிப்பக்கமான்னு. நான்தான் உள்பக்கம்னு சொன்னேன்."

"ஏன்?"

"நீட்டா இருக்கும்னு."

மனைவி புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. கையிலிருந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கர்ட்டன்காரர் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டை விலக்கினால், மனைவி மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"சுவத்துக்குச் சட்டை போட்ட மாதிரின்னும் சொன்னீங்களா?"

"அது சொல்லல" என்றார் அவர், மிகவும் தாழ்ந்த குரலில். மனைவிக்குச் சிரிப்பு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

அன்று மாலை கப்பல் கிளம்பியபோது இரண்டு பேரும் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்தார்கள். நிறையவே இருந்தது. ஆனாலும் கேட்டது இது இல்லையே என்று கர்ட்டன்காரருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயிரம் பேரோடு நின்று பார்ப்பதும், படுக்கையிலிருந்து கண் விழித்துப் பார்ப்பதும் ஒன்றா? சாப்பாடு இறங்கவில்லை. கர்ட்டன்காரருக்குச் சாப்பாடு இறங்காத நாள் அதுதான் முதல் நாள்.

காலையில் முகத்தில் வெளிச்சம் பட்டு விழித்தார். திரை இரண்டு பக்கமும் ஓரம் வரைக்கும் தள்ளிக் கிடந்தது. பால்கனி நாற்காலியில் மனைவி நைட்டியோடு, அவிழ்ந்த தலைமுடியோடு, காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிர் பால்கனிப் பெரியவர் பிரஷ்ஷை உயர்த்தினார். மனைவி டீக் கோப்பையை உயர்த்தினார்.

கர்ட்டன்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "ஏய், மூடும்மா! எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டுமே. நானும்தான் பார்க்கறேன்."

"நீ கேட்டது கடல்தானே? உனக்கு வருத்தம் இல்லையா?"

மனைவி திரும்பினார். "நான் முதல்ல கேட்டது என்ன? திரை மூடியிருக்கக் கூடாதுன்னுதானே? அதை மட்டும் கேட்டா, ஊர் சிரிக்கும்னு சொல்வீங்க. முன்னாடி சொன்னீங்களே. அதான் கூடவே கடலையும் சேர்த்துக் கேட்டேன்."

ஒரே ஒரு தடவை, என்றைக்கோ கேட்ட கேள்வி. தான் சொன்ன பதிலைக் கர்ட்டன்காரர் அன்றே மறந்துவிட்டார். மனைவி மறக்கவில்லை. ஒரு ஜன்னலைத் திறக்கச் சொல்வதற்குப் பயந்து, ஒரு சமுத்திரத்தையே கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது அவருக்கு. எழுந்து, தலையைக் கோதிக்கொண்டு, நாற்காலியிலிருந்து மனைவியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்ப் பெரியவருக்குக் கையையும் ஆட்டினார்.

ஊர் திரும்பிய மறுநாள் கடையைத் திறக்கவில்லை. எப்போதும் முதலில் எழுந்துவிடும் மனைவி, பயண அலுப்பில் வெகுநேரம் தூங்கிவிட்டார். கர்ட்டன்காரர்தான் முதலில் விழித்தார். வந்து இறங்கிய கையோடு மூன்று அடுக்கையும் அவரே விலக்கி வைத்திருந்தார். சந்து வழியாக அந்த நேரத்தில் கொஞ்சம் வெயில் வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அது மனைவியின் முகத்தில் விழுந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் மனைவி தூங்கி அவர் பார்த்ததே இல்லை. காதோரம் இவ்வளவு நரை எப்போது வந்தது? வாய் லேசாகத் திறந்திருந்தது. அழகாக இருந்தாள்.

நிமிர்ந்தால், எதிரே காத்திருப்பு அறையில் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள், கண் கொட்டாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கர்ட்டன்காரரின் கை பழக்க தோஷத்தில் திரைக் கயிற்றுக்குப் போனது. பாதியில் நின்றது. கயிற்றை விட்டுவிட்டு, அந்த ஆளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

தூங்குகிறாள், சத்தம் போடாதே.

அந்த ஆள் வீங்கிய கன்னத்தோடு தலையை ஆட்டினான்.