மஞ்சள் துணியை நம்பி இறங்கினோம்

போன வருடம் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தஞ்சோங் டாவாய் பக்கம் கடலை ஒட்டி நிற்கும் ஒரு காட்டு மலையில் நடந்தது இது. எங்களுக்கு ஊர் பக்கத்தில் இருக்கும் பீடோங். இத்தனை வருடமாக அந்தப் பக்கம் மீன் வாங்கத்தான் போயிருக்கிறோம். அங்கே ஒரு காடு இருக்கிறது, அதில் மனிதர்கள் ஆசைப்பட்டு நடக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒரே மகள், சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் வேலை. எத்தனையோ வரன் பார்த்தோம், எதற்கும் அவள் தலையாட்டவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே, செர்டாங்கில் ஒரு பையன் இருக்கிறான், மலையேறப் போன இடத்தில் பழக்கம், பிடித்திருக்கிறது என்று சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். பையன் அம்மா பிள்ளை. அவன் அம்மா வாய் திறந்து சரி என்று சொன்னால்தான் கல்யாணம்.

அந்த அம்மாளை வீடியோ காலில் ஒரு முறை பார்த்தேன். ரிட்டயர்ட் டீச்சர். கட்டையாக வெட்டிய முடி, டிராக் சூட், கையில் நாடித் துடிப்பெல்லாம் காட்டும் கடிகாரம். சிரிப்பே இல்லை. எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் ஆட்டினார். நாங்கள் இப்படி மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் இடுப்பில் துண்டோடு பின்னால் நடந்து போனார். அன்றைக்கே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

வீட்டுக்குக் கூப்பிடு, கேசரி பஜ்ஜி செய்து ஜமாய்த்துவிடலாம் என்றேன் மகளிடம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் பழைய ஸ்டைல் லா அம்மா. ரெண்டு குடும்பமும் ஒண்ணா ஹைக்கிங் போவோம். சேர்ந்து நடந்தாத்தான் மனுஷங்க குணம் தெரியும்."

நான் நடந்தால் மூச்சு வாங்குவதுதான் தெரியும். சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

சரி, பெண் பார்ப்பது வீட்டில் நடந்தால் என்ன, காட்டில் நடந்தால் என்ன, ஒரு தட்டு இல்லாமல் கல்யாணப் பேச்சு பேச முடியுமா? பெரிய எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், டிபன் கேரியரில் கேசரி, ஒரு பை நிறைய உளுந்து வடை. தட்டு என் முதுகுப் பைக்குள் போகவில்லை. பைக்கு வெளியே கயிறு போட்டுக் கட்டினேன். நடக்கும்போது டிபன் கேரியரில் இடித்து டங் டங் என்றது. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்றார் வீட்டுக்காரர். அவரைக் கேலி செய்ய எனக்கு வேறு காரணம் இருந்தது. எல்லாரும் சப்பாத்து போட்டு வந்தபோது அவர் மட்டும் சிலிப்பர்.

கேட்டால் "நான் தோட்டத்துல பிறந்தவன். பால்மரக் காட்டுக்குள்ள இருட்டுல நடந்த காலு இது. எனக்கு யாரும் காடு காட்ட வேணாம்" என்றார். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியது இவருடைய அப்பா. இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் டவுனுக்கு வந்துவிட்டது.

மலையடிவாரத்தில் பையன் வீட்டார் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். பையன் தங்கம். காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவன் அப்பாவுக்கு முட்டி வலி. அதனால் மலையில் ஏறாமல், பாதை முடியும் கடற்கரைக்குப் படகில் வந்து எங்களைத் திரும்ப ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அந்த அம்மாள் என்னோடு கைகுலுக்கினார். விரல் நுனியெல்லாம் மஞ்சள் கறை. பரவாயில்லை, வீட்டில் சமைக்கிறவர்தான் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மற்றபடி அதே இறுகின முகம்தான். என் முதுகில் இருந்த தட்டை ஒரு பார்வை பார்த்தார். நான் அங்கேயே கூனிப்போனேன்.

பாதை ஏறும்போது பார்த்தால், ஒரு பக்கம் காடு, மறு பக்கம் மரங்களுக்கு நடுவே கடல் மின்னியது. அழகுதான். மூச்சு இருந்திருந்தால் இன்னும் ரசித்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பின்தங்கிவிட்டோம். மகள் நின்று நின்று பார்த்தாள். "நீங்க போங்க, நாங்க மெதுவா வர்றோம். அப்பாவுக்குக் காடு தெரியும்" என்று இவர் பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மகள், மரங்களில் மஞ்சளாக அடையாளம் கட்டியிருக்கும், அதைப் பார்த்தே வாருங்கள், மஞ்சள் இருக்கும் பக்கம்தான் பாதை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் மறைந்ததும் குரங்குகள் வந்தன. ஒன்று வடைப் பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. இவர் கீழே நின்று அதற்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார். குரங்கு வடையைப் பிட்டுத் தின்றுகொண்டே கேட்டது. எனக்கென்னவோ அது ரசித்துச் சாப்பிட்ட மாதிரிதான் இருந்தது. இந்தப் பஞ்சாயத்தில் நேரம் போய்விட்டது.

பிறகு பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. ஒன்று மேலே ஏறியது. இன்னொன்று கடல் பக்கம் சரிந்து இறங்கியது. இறக்கத்தில் கொஞ்ச தூரம் தள்ளி விழுது விட்ட பெரிய மரம் ஒன்று. அதன் கிளையில் பளிச்சென்று மஞ்சள் துணி.

"அதோ மஞ்சள். இறக்கம் வேற. சாமியா பார்த்துக் குடுத்தது" என்றார். எனக்கும் இறக்கம் என்றதும் பிடித்துவிட்டது. கிட்டே போய்ப் பார்க்கக்கூட இல்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கினோம்.

சிலிப்பர் அதன் வேலையைக் காட்டியது. முதலில் இவர் சறுக்கினார். ஒரு சிலிப்பர் பறந்து போனது. பிடிக்கப் போன நானும் மல்லாந்தபடியே போனேன். முதுகில் கட்டியிருந்த தட்டுதான் சறுக்குப் பலகை போல வழுக்கி என்னைப் பத்திரமாகக் கீழே கொண்டு சேர்த்தது. எழுந்து பார்த்தால் பாதையும் இல்லை, மனிதரும் இல்லை. இரண்டு பக்கமும் சேறும் அலையாத்தி மரங்களும். நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு மணல். எதிரே கடல், அதுவும் ஏறிக்கொண்டிருந்தது. வந்த வழியில் ஏறிப் பார்த்தோம். ஈரமண். ஏறினதை விட வேகமாகத் திரும்பி வந்தோம். போனில் லைன் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முழுகிவிடுவோம் என்று முதலில் தோன்றவில்லை. அந்த அம்மாள் கடற்கரையில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு மணி நேரம் ஒழுங்காக நடக்கத் தெரியாத குடும்பத்தில் பெண் எடுக்கணுமா என்று நினைப்பாரே, என் பிள்ளை ஆசைப்பட்டது எங்களால் கெட்டுப்போகிறதே என்றுதான் அழுதேன். பிறகு தண்ணீர் மணலில் ஏறி என் சப்பாத்தை நனைத்தது. அப்போது உயிர்ப் பயமும் சேர்ந்துகொண்டது.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாத. நான் தோட்டத்துல..." என்று ஆரம்பித்தார்.

"தோட்டத்துல கடல் இருந்துச்சாங்க?" என்றேன்.

அவர் என் முதுகிலிருந்து தட்டை அவிழ்த்தார். ஒரு கல்லை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் வாலிபத்தில் உறுமி மேளக் குழுவில் இருந்தவர். முதலில் சும்மாதான் தட்டினார். போகப் போகக் கை பழசை நினைத்துக்கொண்டது. காவடி வருகிற அடி. காடு அதிர்ந்தது. உயிர் போகிற நேரத்திலும் மனிதர் கண்ணை மூடித் தாளம் போடுகிறார். நான் டிபன் கேரியர் மூடியைத் தட்டினேன். எனக்குத் தாளம் வராது. "ஒழுங்கா அடி" என்று திட்டு வேறு வாங்கினேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டது பையனின் அப்பா. எங்களை ஏற்றப் படகில் வந்துகொண்டிருந்தார். படகுக்கார மலாய்க்காரர், இது காட்டுப் பேய், கிட்டே போக வேண்டாம் என்று படகைத் திருப்பப் பார்த்தாராம். பையனின் அப்பாதான், "எந்தப் பேயும் இவ்வளவு சுத்தமா உறுமி அடிக்காது. இது நம்ம ஆளுங்க" என்று சொல்லிக் கரைக்கு விடச் செய்திருக்கிறார். நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று படகில் ஏறினோம். கேசரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாதை முடியும் கடற்கரையில் மகள் ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் ஓடிவந்தது அந்த அம்மாள். முட்டி வரைக்கும் சேறு. எங்களைத் தேடிப் பாதி மலை திரும்ப ஏறி இறங்கியிருக்கிறார். வந்த வேகத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

எப்படி வழி தவறியது என்று பையன் கேட்டான். இவர் விறைப்பாகச் சொன்னார், "நாங்க தவறல தம்பி. மஞ்சளைப் பார்த்துத்தான் போனோம். ரெண்டா பிரியற இடத்துல, பெரிய மரத்துல, மஞ்சத் துணி."

"துணியா? எங்க ஹைக்கிங் குழு கட்டினது பிளாஸ்டிக் ரிப்பன் அங்கிள். அதுவும் மேல ஏறுற பக்கம்."

"எனக்கு பிளாஸ்டிக்குக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாதா தம்பி?"

என் கையைப் பிடித்திருந்த கை மெதுவாக நழுவியது. அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "அது நான் கட்டினது" என்றார்.

அவர் மெல்லச் சொன்னார். முதல் நாள் கைக்குட்டையை மஞ்சளில் நனைத்து, காசு முடிந்து வைத்திருக்கிறார். வழியில் கோயிலில் கட்டத்தான். மகன் நேரமாகிறது என்று காரை நிறுத்தவில்லை. பாதை பிரிகிற இடத்தில், எங்களுக்காகக் காத்திருப்பது போல நின்று பிள்ளைகளை முன்னால் அனுப்பியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் பெரிய மரம், அடியில் நிமிர்ந்து நிற்கிற ஒரு கல். முனி நிற்கிற இடம் போலவே தோன்றியதாம். கும்பிட்டுக் கட்டிவிட்டார். படித்த பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டு வேகமாகப் போய்விட்டார்.

"என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரணும்னுதான். வேற என்ன? நீங்கதான் வீடியோ கால்ல வாயே திறக்கலையே சம்பந்தி. தலையை மட்டும் ஆட்டினீங்க. எங்களைப் பிடிக்கலையோன்னு எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல் மாதிரி இருக்கிறது என்று நான் பயந்த அதே முகம். என்னைப் போலவே பயந்து, என்னைப் போலவே உதட்டை இறுக்கிக்கொண்டிருந்த முகம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் எங்கள் எல்லாரையும் விட இவர்தான் உஷார். "இந்தா, கேட்டியா? சம்பந்தின்னு சொல்லிட்டாங்க!" என்று ஒற்றைச் சிலிப்பரோடு மணலில் குதித்தார். அப்போதுதான் அந்த அம்மாளுக்கும் தான் சொன்னது உறைத்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நெளிந்துபோன தட்டில் கேசரியை வைத்து அங்கேயே சம்பந்தம் பேசி முடித்தோம். வெற்றிலை நனைந்திருந்தது, பழம் நசுங்கியிருந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. "நேர்த்திக்கடன் வச்சுப் பொண்ணு வீட்டாரைக் கடல்ல இறக்கிவிட்ட மாப்பிள்ளை வீடு நம்ம வீடுதான்" என்று பையனின் அப்பா இன்று வரைக்கும் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குகிறார்.

கல்யாணம் முடிந்த பிறகு நாங்கள் இரண்டு சம்பந்திகளும் மறுபடி அந்த மலைக்குப் போனோம். நான் மூச்சு வாங்க வாங்க, அவர் எனக்காக நின்று நின்று. வேண்டுதல் பலித்துவிட்டதே, காசைக் கோயிலில் சேர்க்க வேண்டும், இன்னொருவர் அந்தத் துணியைப் பார்த்து இறங்கிவிடவும் கூடாது. முடிச்சு இறுகிப்போயிருந்தது, இரண்டு பேரும் சேர்ந்துதான் அவிழ்த்தோம். இப்போதெல்லாம் யாராவது எனக்கு எதிரே முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் நான் கோபப்படுவதில்லை. இவரும் எங்கேயோ ஒரு மரத்தில் நமக்காக ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு வந்திருப்பாரோ என்று நினைத்து, முதல் வார்த்தையை நானே பேசிவிடுகிறேன்.